அந்தப் பேரில் யாரும் சாகவில்லை

என் ஆசைப் பேச்சியம்மாளுக்கு,

பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்று கோபப்படாதே. இந்தப் பேரால் உன்னைக் கூப்பிட ஊரில் இப்போது ஆளே இல்லை, அதனால் நான் ஆரம்பிக்கிறேன். ‘நீ’ என்று எழுதுவதும் வேண்டுமென்றேதான். நம் அரண்மனையில் பிள்ளைகள் தாயை ‘நீங்க’ என்றுதான் சொல்ல வேண்டும், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு. நீ கண்ணை மூடுகிற வரைக்கும் அப்படிச் சொல்லித் தீர்த்துவிட்டேன். இனி என்னால் முடியாது.

அரண்மனை என்றதும் இதை வாசிக்கிறவர்கள் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்வார்கள். தென்காசியிலிருந்து இலத்தூர் போகிற வழியில், பாதி ஓடு சரிந்து கிடக்கிற ஒரு பழைய ஜமீன் வீடு, அவ்வளவுதான். ஜமீன் ஒழிந்து மூன்று தலைமுறை ஆகிறது. வயல் போயிற்று, தோப்பு போயிற்று, யானை கட்டின இடத்தில் இப்போது செங்கல் லாரி நிற்கிறது. ஆனால் பொங்கலுக்கும் பங்குனி உத்திரத்துக்கும் குடும்பத்தோடு மேல்மாடத்தில் நின்று ஊரைப் பார்த்துக் கும்பிடுகிற வழக்கம் மட்டும் போகவில்லை. அதற்கும் அளவு உண்டு. பெண்கள் கை நெஞ்சுக்கு மேலே உயரக்கூடாது. பல் தெரியச் சிரிக்கக் கூடாது. காரியஸ்தர் கீழே நின்றுகொண்டு, கை கொஞ்சம் உயர்ந்தால் கண்ணாலேயே இறக்கச் சொல்லுவார்.

முதலில் உனக்கு ஒரு செய்தி. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அப்பாவும் இப்போது இல்லாததால், உன் இறப்புச் சான்றிதழ் வாங்கப் பேரூராட்சி அலுவலகத்துக்குச் சித்தப்பா போனார், காரியஸ்தரும் கூடவே. மகள் வர வேண்டும் என்று சொன்னதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். சித்தப்பா தங்கப் பேனாவால் எழுதி நீட்டிய தாளை, அங்கே இருந்த சின்னப் பெண் வாங்கி, கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, இந்தப் பேர்ல யாரும் சாகலியே” என்றாள்.

“என்னம்மா சொல்லுதே? ராணி ராஜலட்சுமி நாச்சியார். ஊரே வந்து மால போட்டுட்டுப் போயிருக்கு.”

“மால போட்டிருக்கலாம் அண்ணாச்சி. நீங்க சொல்லுத தேதியில ஆஸ்பத்திரியில இருந்து ஒரே பேருதான் வந்திருக்கு. பேச்சியம்மாள். ஆதாரும் அதே பேர்ல இருக்கு. ராஜலட்சுமி நாச்சியார்னு ஒருத்தங்க இருந்ததுக்கே இங்கன காயிதம் இல்ல.”

அம்மா, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க காரியத்துக்குப் போன இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்து, அலுவலகப் படியில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆதார் எடுக்க நீ எப்போது போனாய்? யார் கூட்டிக்கொண்டு போனார்கள்? உன் பீரோவிலிருந்து அதை எடுத்து ஆஸ்பத்திரியில் காட்டிய வேலைக்காரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் யாருக்கும் விஷயம் தெரியாமலே போயிற்று. நான் வாங்கிப் பார்த்தேன். கணவர் பேர் இருக்க வேண்டிய இடத்தில் கீழப்பாவூர்த் தாத்தா பேர் இருந்தது. படத்தில் நீ பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாய். நீ இத்தனை பெரிய கள்ளி என்று எனக்கு இதற்கு முன்னால் தெரியாது.

நீ கீழப்பாவூர்த் தபால்காரர் மகள். தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விளையாட்டு விழாவுக்குப் பரிசு கொடுக்க வந்த ஜமீன் வீட்டுப் பெரிய பிள்ளை, பந்தயம் நடக்கும்போது ஓடுபாதையின் குறுக்கே நடந்துவிட்டார். நீ விசிலை ஊதி, “யோவ் வெள்ளச் சட்ட! டிராக்க விட்டு வெளிய போய்யா!” என்று மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தியிருக்கிறாய். அப்பாவைப் பிறந்ததிலிருந்து யாரும் அதட்டியதே இல்லை. அன்றைக்கு விழுந்தவர்தான். இந்தக் கதையை அப்பாதான் எனக்குச் சொன்னார், நீ சொல்லவில்லை.

அந்தக் குரலுக்காகவே உன்னைக் கட்டிக்கொண்டு வந்தவர், வீட்டுக்குள் காலடி வைத்ததும் அது காணாமல் போனதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். தாலி கட்டிய அன்றைக்கே பேரை மாற்றினார்கள். பேச்சி என்பது எல்லைக் காவல் தெய்வத்தின் பேராம், குடிபடைகள் வைக்கிற பேராம், அழைப்பிதழில் அச்சடிக்க முடியாதாம். ராஜலட்சுமி நாச்சியார் ஆனாய். மெல்லப் பேசப் பழகு, மாமனார் முன்னால் உட்காராதே, வேலையை விடு, விசிலைக் கொடு. நான் பிறந்தேன், ஆண்பிள்ளை பிறக்கவில்லை. அதன் பிறகு இரண்டு வருஷம் நீ மேல்மாடத்துக்கு வரவில்லை. ‘ராணியம்மாவுக்குத் தேக சுகமில்லை’ என்று காரியஸ்தர் ஊருக்குச் சொல்லிவிட்டார். உனக்கு என்ன நோய் என்று அப்பாவாவது ஒரு வார்த்தை கேட்டாரா? அவர் நல்லவர்தான். ஆனாலும் என் கோபத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

நான் செந்திலைக் கட்டிக்கொண்டு குத்துக்கல்வலசைக்கு வந்ததும் அரண்மனைக் கூடத்திலிருந்த குடும்பப் படத்தை இறக்கி, நான் இல்லாத வேறு படத்தை மாட்டினார்கள். பேட்டரிக் கடைக்காரன் பெண்டாட்டி மேல்மாடத்தில் நிற்க முடியாதே! நீயோ வெள்ளிக்கிழமை தோறும் தென்காசிக் கோயிலுக்கு என்று கிளம்பி, கோபுர வாசலில் காரை அனுப்பிவிட்டு, ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்தாய். அம்மன் உன்னை மன்னித்திருப்பாள்.

கண் ஆபரேஷன் முடிந்தபிறகு உனக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். நீ சமையல் பார்ப்பாய், சாமி பாட்டுக் கேட்பாய் என்று நினைத்தேன். நீ பார்த்ததெல்லாம் ஜப்பான் ராஜா வீடு. பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்துப் பார்ப்பாய்.

“ஏட்டி கோமதி, இங்க வாயேன். இந்த வீட்டுக்காரங்களுக்குக் குடும்பப் பேரே கெடையாதாம்.”

“அது எப்படிம்மா?”

“சக்கரவர்த்தி வீட்டுக்கு எதுக்குப் பேருன்னு விட்டுட்டாங்க போல. பொம்பளப் பிள்ள சாதாரண வீட்ல வாக்கப்பட்டா வெளிய போயிரணுமாம். போனாத்தான் அந்தப் பிள்ளைக்கு மொத மொதல்ல ஒரு குடும்பப் பேரு கெடைக்குதாம். குடுத்து வச்சவ.”

குடும்பமே மாடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, ஊரைப் பார்த்து அளவாகக் கையசைக்கிற படம் வந்தால் நிறுத்திவிட்டுத் திரும்பப் பார்ப்பாய். “நம்ம வீட்டுக்கு அந்தக் கண்ணாடிக்கு வக்கில்ல, அதான் காரியஸ்தர வச்சிருக்காவ” என்று சொல்லிச் சிரிப்பாய். பெண் அரியணை ஏற முடியாது என்று கேட்டபோது நீ சிரிக்கவில்லை. “ஆம்பளப் பிள்ள பெத்துக் குடுக்காட்டா அங்கயும் இதே பாடுதான் போல” என்று மட்டும் சொன்னாய்.

எனக்கு ஜப்பானும் தெரியாது, அந்த வீட்டுப் பெண்கள் மனசும் தெரியாது. அங்கே சக்கரவர்த்தி இறந்தபிறகு வேறு ஒரு பேரால்தான் அவரைச் சொல்லுவார்களாம், அதுவும் நீ சொல்லித்தான் தெரியும். அவர்கள் சாகிற வரைக்குமாவது பொறுத்திருக்கிறார்கள். உனக்கு இருபத்து மூன்று வயதிலேயே வைத்துவிட்டார்களே.

போன வருஷச் சீசனில் ஒரு வெள்ளிக்கிழமை, “ஐந்தருவிக்குப் போவோமாட்டி?” என்று நீயே கேட்டாய். குற்றாலத்தில் அரண்மனைக்கு ஒரு பங்களா இருந்த காலத்திலும் நீ அருவியில் குளித்ததில்லை. ஜன்னலிலிருந்து பார்க்கலாம், கூட்டத்தில் நிற்கக் கூடாது. என் பழைய பருத்திச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தாய். பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். ஒரு தடித்த அம்மாள் உன்னை முழங்கையால் இடித்து, “ஏட்டி, நீ ஒருத்தியே நின்னா எப்படி? தள்ளு!” என்றாள். உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தண்ணீருக்குள் தலையைக் கொடுத்து நீ என்னவோ கத்தினாய். அந்த இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. என்ன கத்தினாய் அம்மா? வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, “ஒனக்கு எதுக்கு?” என்றுவிட்டாய்.

வெளியே வந்து ஈரச் சேலையோடு மிளகாய் பஜ்ஜி தின்றோம். யாரோ படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் காரியஸ்தர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ராணியம்மா, ரோட்ல நின்னு பஜ்ஜி தின்னா அரமனைக்கு என்ன மரியாத இருக்கு? நாலு பேரு என்ன பேசுவாவ?”

“பஜ்ஜி நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி” என்றாய் நீ. அவ்வளவுதான். ஆனால் அந்த வாரமே காரையும் நிறுத்தினார்கள், வெள்ளிக்கிழமையும் நின்றது. மறுபடி நான் உன்னைப் பார்த்தது ஆஸ்பத்திரியில்தான். நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் கடைசி மாதங்களில் உன் கூட இருந்திருப்பேனே என்று பல நாள் என்னையே திட்டிக்கொண்டேன். இப்போது திட்டிக்கொள்வதில்லை. தப்பு நம்முடையது இல்லை.

இனி நேற்று நடந்ததைச் சொல்லுகிறேன். சித்தப்பாவும் காரியஸ்தரும் வீட்டுக்கு வந்தார்கள். என் கல்யாணத்துக்குப் பிறகு சித்தப்பா என் படி ஏறியது இதுதான் முதல் தடவை. செந்தில் நாற்காலி போட்டான், அவர் உட்காரவில்லை. அரண்மனை வளாகத்தில் உனக்கு நினைவு மண்டபம் கட்டப்போகிறார்களாம், பளிங்குக் கல்லில் ‘ராணி ராஜலட்சுமி நாச்சியார்’ என்று வெட்டியும் ஆகிவிட்டதாம். அரசாங்கத் தாள் மட்டும்தான் இடிக்கிறதாம். ஒரு முத்திரைத் தாளை மேசை மேல் வைத்தார். ராஜலட்சுமி நாச்சியாரும் பேச்சியம்மாளும் ஒருவரே என்று மகள் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும், அப்போதுதான் சான்றிதழில் பேரை மாற்ற முடியுமாம்.

“ஒரு கையெழுத்து. சோலி முடிஞ்சிரும்” என்றார் சித்தப்பா. “அந்தப் பேரு வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம் கோமதி. அரமன ராணிக்குப் பேச்சின்னு பேரான்னு சிரிப்பாவ.”

நான் தாளை இரண்டு தடவை படித்தேன். அந்த வீட்டுப் பெரியவர்கள் முன்னால் நின்று பேசி எனக்கும் பழக்கம் இல்லையே.

“ரெண்டு பேரும் ஒரே ஆள் இல்ல சித்தப்பா” என்றேன். “எனக்கு ரெண்டு பேரையும் தெரியும். ராஜலட்சுமி நாச்சியார் உங்க மாடத்தில நின்னவங்க. அவங்க பேசி நான் கேட்டதில்ல. பேச்சியம்மா இந்தப் பாய்ல கால நீட்டி உக்காந்து டீ குடிச்சவ. செத்தது பேச்சியம்மா. நான் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன்.”

“அப்படின்னா வருசத் தெவசத்துக்கு அரமன வாசப்படிய மிதிக்காத.”

“சரி” என்றேன்.

அவர் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். காரியஸ்தர் போகவில்லை. உன் ஆதாரை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தேன். அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “இப்படிச் சிரிப்பாவளா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் திருப்பிக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ?

இன்று காலையில் தனியாகப் போய்ச் சான்றிதழை வாங்கி வந்துவிட்டேன். பேச்சியம்மாள் என்று கறுப்பு மையில் அடித்திருக்கிறது. அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டப்போகிறேன். வருகிறவர்கள் சாமி படம் மாட்டுகிற இடத்தில் சாவுச் சான்றிதழா என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

வருஷத் திவசத்துக்கு நம் வழக்கம் உனக்குத் தெரியும். இலை போட்டு, போனவர்கள் பேரை மூன்று தடவை சொல்லி, சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட வேண்டும். வருகிற ஐப்பசியில் அரண்மனையில் தலைவாழை இலை போட்டு ராஜலட்சுமி நாச்சியாரைக் கூப்பிடுவார்கள். பதினாறு கறி இருக்கும், பட்டுச் சேலை இருக்கும். அது உன்னைக் கூப்பிடுவது இல்லை. நீ அங்கே போய்விடாதே, அம்மா.

நேரே குத்துக்கல்வலசைக்கு வா. அன்றைக்கு மத்தியானம் வாசல் கதவைத் திறந்து வைத்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். மூன்று தடவையோடு நிறுத்த மாட்டேன். நான் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் கூப்பிடுவேன், எனக்குப் பிறகு கூப்பிட என் மகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
பேச்சியம்மாள் மகள்,
பே. கோமதி