ஏழாம் எண் இடத்தில் நாற்பத்து நான்கு இரவுகள்

செப்டம்பர் 28, ஞாயிறு

ஏரிக்கரைப் பூங்கா முகாமின் தண்ணீர்க் குழாய்கள் அக்டோபர் 15 அன்று மூடப்படும். ஆதாரம்: அலுவலகக் கதவில் பூங்கா மேலாளர் கர்ட் ஒட்டியிருக்கும் தாள். அதன் பிறகு குளியலறை கிடையாது. குடிநீருக்குக் கைப்பம்பு ஒன்றுதான். ஏழாம் எண் உட்பட, மின் இணைப்புள்ள நான்கு இடங்கள் மட்டும் குளிர்காலம் முழுக்கத் திறந்திருக்கும்.

இலை சிவந்திருப்பதைப் பார்க்க வந்த கூட்டம். இருபத்தொரு இடங்களும் நிறைந்துவிட்டன. ஏரியில் ஒரு துடுப்புப் படகு கவிழ்ந்தது; நனைந்தது சாண்ட்விச் மட்டும். ஒன்பது அடுப்புக் குழிகளில் சாம்பல் அள்ளினேன். முகாம் பொறுப்பாளர் நான்தான்; அந்த ஏட்டில் இட எண், பெயர், வண்டி எண், வானிலை எல்லாம் எழுதினேன். முப்பத்து நான்கு வருடம் செய்தித்தாளில் வேலை பார்த்த கை. சும்மா இருக்காது.

ஏழாம் எண் இடத்தில் வண்டியில் இழுத்துவந்த சின்ன டிரெய்லர் வீட்டில் இருக்கும் இர்மா தோர்சன் நாளை கிளம்புகிறாள். பதினான்கு இரவு முடிந்தது, விதி அவ்வளவுதான். அடுத்த ஏழு நாளாவது வெளியே இருந்துவிட்டுத்தான் திரும்ப வரலாம். போகும் முன் ஒரு கிண்ணம் காட்டரிசிச் சூப் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல சூப்.

செப்டம்பர் 30

ஏழாம் எண்ணில் மறுபடி அதே டிரெய்லர். பதிவு அட்டையில் ‘இர்மா கோஸ்கி’. நேற்றுக் காலை அக்கரைப் படகுத்துறையில் அந்த டிரெய்லர் நின்றதைப் பார்த்தேன். ஒரே ஓர் இரவு வெளியே.

இரண்டு பெயரும் அவளுடையவையா? வண்டி எண் ஒன்றேதான். எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 15

குழாய்களை மூடிவிட்டார்கள். நேற்றுக் கிளம்பிய இர்மா இன்று மதியம் திரும்பி வந்துவிட்டாள். இந்த முறை தோர்சன்.

அக்டோபர் 19

கைப்பம்படியில் அவளைப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் நேராகக் கேட்பதில்லை. நானும் குளிரைப் பற்றி ஆரம்பித்தேன்.

“வீட்ல கூரை வேல நடக்குது. முடியட்டும்னு இருக்கேன்” என்றாள். நான் கேட்காமலே.

அக்டோபர் 24

மீன்பிடிக்க வருகிற லைல் ஒரு வாளி கெண்டையோடு விறகுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். எதிர்க்கரையில் வீடு, ஊரில் நடப்பதெல்லாம் தெரியும்.

“கூரையா? அந்த வீட்டத்தான் வித்தாச்சே. முதியோர் குடியிருப்புல பேரு குடுத்துட்டுக் காத்திருக்கா. என்னாச்சு பத்திரிகையம்மா, தலைப்புச் செய்தி போடப்போறீங்களா?”

ஒரு வீடு. ஒருத்திக்குக் கூரை வேலை, ஒருத்தனுக்கு விற்பனை. யாரோ பொய் சொல்கிறார்கள். அது எனக்கு எதற்கு? தெரியவில்லை. ஆனாலும் ஏட்டின் ஓரத்தில் இரண்டையும் குறித்தேன்.

அக்டோபர் 31

பருவ முடிவு. ஏட்டை அலுவலகத்தில் கொடுத்தேன். ஓரக் குறிப்புகளை மட்டும் அழித்தேன், அவை உறுதியாகாதவை. மற்றதெல்லாம் அப்படியே.

நவம்பர் 5, புதன்

கர்ட் வந்தான். உட்காரவில்லை.

“வண்டி நம்பரெல்லாம் எதுக்கு எழுதுனீங்க?”

“படிவத்துல கட்டம் இருந்துச்சு.”

“அந்தக் கட்டத்தப் பதினோரு வருஷமா ஒருத்தரும் நெரப்பினதில்ல, மாரிட்.”

இர்மா விதியை மீறித் தங்குவது அவனுக்கு முதலிலிருந்தே தெரியுமாம். லைலுக்குத் தெரியும். விறகு இறக்குகிறவனுக்கும் தெரியும். “தெரிஞ்சா பரவால்ல. காகிதத்துல வந்துட்டா நான் ஏதாச்சும் செஞ்சாகணும். வட்டார ஆபீசுக்கு ஒரு பிரதி தானாப் போயிடும். ஒரே வண்டி, நாப்பத்து நாலு ராத்திரி. அங்க ஒருத்தி எண்ணிப் பாத்துட்டா.”

பதினாறாம் தேதிக்குள் இர்மா காலி செய்ய வேண்டும். ஒரு வருடம் இந்தப் பூங்காவில் தங்கக் கூடாது.

“அவ வீட்ல இப்ப மகனும் மருமகளும்தான் இருக்காங்க” என்றான் போகும்போது. ஆக, மூன்றாவது கதை.

நான் பொய் எழுதவில்லை. ஒரு வரிகூட. அப்புறம் ஏன் இப்படி—

நவம்பர் 8

மான் வேட்டை தொடங்கிய நாள். காடெங்கும், மான் என்று சுட்டுவிடாமலிருக்க, ஆரஞ்சு மேல்சட்டைகள். நானும் ஒன்று போட்டுக்கொண்டு விறகு விற்றேன். ஏழாம் எண்ணின் திரை நாள் முழுக்க மூடியே இருந்தது.

நவம்பர் 9

காலை பத்து மணிக்கு என் டிரெய்லர் கதவைத் தட்டினாள். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

“வரும்போதெல்லாம் வணக்கம் சொன்ன. சூப்பு குடிச்ச. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? எங்கிட்டயே கேட்டிருக்கலாம்!”

“எங்கிட்ட கூரைன்னு சொன்னீங்க. லைல்கிட்ட வித்துட்டேன்னு சொல்லியிருக்கீங்க. கர்ட் மகன்ங்கிறான்.”

“கூரைய மாத்துறது மகன். வீட்ட அவனுக்குத்தான் வித்தேன். முதியோர் குடியிருப்புப் பட்டியல்ல என் பேரு பத்தொன்பதாவது. ஒவ்வொருத்தர்கிட்டயும் அன்னைக்கு எத வாய் சொல்லுச்சோ அதச் சொன்னேன். இதுல பொய் எது, பாத்துச் சொல்லு.”

பார்த்தேன். எதுவும் இல்லை.

“தோர்சன் புருஷன் பேரு. கோஸ்கி அப்பா பேரு. ரெண்டும் என்னோடதுதான்.”

படியில் நின்றே பேசிவிட்டுப் போனாள். கையுறைகூடப் போட்டிருக்கவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனை பேரிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டிருப்பேன்?

நவம்பர் 11

பனி தூறுகிறது. தூக்கம் சரியில்லை. விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன். பதினான்கு இரவு வரம்பு ‘பொறுப்பாளருக்குப் பொருந்தாது’. நான் இங்கே மே மாதத்திலிருந்து இருக்கிறேன். என்னை யாரும் எண்ணவில்லை.

பொறுப்பாளர் ஒருவர்தான் இருக்கலாம். அது நான்.

விலகினால்? ஊரில் எனக்கு இரண்டறைக் குடியிருப்பு இருக்கிறது. பிறகு ஏன் இங்கே இருக்கிறேன்? ஓய்வு பெற்ற மறுவாரமே வந்துவிட்டேன். அதற்கு எனக்கே பதில் தெரியாது.

இது அவளுக்காகவா, என் மனசு அடங்குவதற்காகவா? இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

நவம்பர் 13

நான் விலகிக்கொள்கிறேன், பொறுப்பாளர் வேலையை இர்மாவுக்குக் கொடு என்று கர்ட்டிடம் சொன்னேன். வெகுநேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஒரு வருஷத் தடை இருக்கே.”

“அது தங்குறதுக்குத்தானே? வேல செய்யறதுக்கு இருக்கா? படிச்சுப் பாரு.”

படித்தான். இல்லை.

“இத ஏன் நாப்பத்து நாலாவது ராத்திரிக்கு முன்னாடி படிக்கல நீங்க?”

இர்மாவிடம் தானே பேசுவதாகச் சொன்னான். நல்லதுதான்.

நவம்பர் 16

லைல் தன் லாரியில் இர்மாவின் டிரெய்லரை எதிர்க்கரைக்கு இழுத்துப் போனான். அவன் வீட்டு முற்றத்தில் நிற்கட்டுமாம். போகும்போது ஜன்னலை இறக்கி, “எங்க முற்றத்துக்கும் ஏடு எழுத வருவீங்களா?” என்று கத்தினான். பக்கத்து இருக்கையில் இர்மா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கர்ட்டுக்கு அவள் சொன்ன பதில்: “அவ எடத்த எனக்கு அவ தர வேண்டாம்.”

டிசம்பர் 3

முதல் நல்ல பனி, எட்டு அங்குலம். பனிச்சறுக்குப் பாதையைச் சமப்படுத்தும் இயந்திரத்தை ஓட்டக் கர்ட் என்னைப் பழக்கினான். இருபதாவது நிமிடத்தில் ஓர் ஊசியிலை மரத்தில் மோதி நின்றேன்.

இர்மா எதிர்க்கரையிலிருந்து பார்த்திருக்கிறாள் போல. அரை மணியில் பனியில் நடந்து ஏரியைச் சுற்றி வந்தாள்.

“எறங்கு.”

இறங்கினேன்.

“இருவத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினவ நான். இத இப்படியா திருப்புவாங்க? இத நம்பி சனிக்கெழம புள்ளைங்க சறுக்க வருது.”

ஆறு கிலோமீட்டர் பாதையையும் போட்டு முடித்தாள். கோடு பிடித்த மாதிரி இருந்தது. கர்ட் பொறுப்பாளர் வேலைக்கான விண்ணப்பத் தாளை இயந்திரத்தின் இருக்கையில் வைத்துவிட்டுப் போனான். அவள் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 14

விண்ணப்பத்தைக் கர்ட்டிடம் தந்திருக்கிறாள். அவன் என்னிடம் காட்டினான். எல்லாம் சுத்தமான எழுத்து. ‘நிரந்தர முகவரி’ கட்டம் மட்டும் காலி.

“இப்படி அனுப்புனா மறுநாளே திரும்பி வந்துரும்” என்றான். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேனா மேசைமேல் இருந்தது.

என் குடியிருப்பின் முகவரியை எழுதினேன்.

எழுதியபோது அது உண்மையில்லை. எனக்குத் தெரிந்து, உண்மையில்லாததை நான் எழுதியது இதுதான் முதன்முறை.

டிசம்பர் 15

நடந்தே லைல் வீட்டுக்குப் போய் இர்மாவிடம் சொன்னேன். குடியிருப்பின் உதிரிச் சாவியை நீட்டினேன். ஒரு அறை காலி, தபால் அங்கே வரும், பனி உருகும்வரை வேண்டுமானால்—

“கேக்காம எழுதிட்ட. மறுபடியும்” என்றாள்.

ஆமாம் என்றேன்.

சாவியை வாங்கிக்கொண்டாள். காபி கொடுத்தாள். சிரிக்கவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

உறுதியானவை: ஏரிமேல் உறைந்த பனிக்கட்டி பதினொரு அங்குலம்; ஆதாரம், துளையிட்டு அளந்த இர்மா. என் விலகல் கடிதத்தை வட்டார அலுவலகம் பெற்றுக்கொண்டது, ஆதாரம், கர்ட். வியாழக்கிழமை இர்மா என் குடியிருப்புக்குப் போய்த் தபால்பெட்டியில் தன் பெயரை ஒட்டியிருக்கிறாள். ஆதாரம், மாடிவீட்டுப் பெண், தொலைபேசியில். என் பெயருக்குக் கீழே ஒட்டினாளாம், நேராக. எந்தப் பெயர் என்று நான் கேட்கவில்லை.

உறுதியாகாதவை: என்னை மன்னித்தாளா. இங்கிருந்து கிளம்பியதும் ஊரில் நான் என்ன செய்வேன்.

நிலுவையில்: பொறுப்பாளர் பதவிக்கான முடிவு. முகவரியைச் சரிபார்த்த பிறகு வரும். ஜனவரி 9, வெள்ளிக்கிழமை எதிர்பார்க்கப்படுகிறது.