நான் கோழி வாட்டிய புதன்கிழமை

கையை நான்கு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். எலுமிச்சைத் தோலை வைத்தும் தேய்த்தாயிற்று. விரலை மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் பூண்டும் மிளகும் வாட்டிய கோழியும்தான் மணக்கின்றன. ஆமாம், கோழிதான்! நான் இன்றைக்குக் கோழி சமைத்தேன். மாட்டுங்காவில், எங்கள் வீட்டில், என் கையால்.

நீ இருந்திருந்தால் முதல் போன் உனக்குத்தான். "பொய் சொல்லாத மாமி" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்திருப்பாய். உனக்கும் எனக்கும் ஒரே வயசு. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை மாமி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாய். அதைக் கேட்டுக் கேட்டு உன் செல்வியும் சின்ன வயசிலிருந்தே என்னை 'மாமி ஆன்ட்டி' என்கிறாள். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இவ்வளவு நாளாக உனக்கு எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வரும். இன்றைக்குத்தான் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது, அதுவும் தலைகால் புரியாத அளவுக்கு.

முதல் விஷயம், உன் பெண் முழுகாமல் இருக்கிறாள். மூன்றாவது மாதம். ஞாயிற்றுக்கிழமை தேவ்நாரிலிருந்து போன் செய்தாள். குரலே இல்லை.

"மாமி ஆன்ட்டி, எதைத் தின்னாலும் உல்ட்டி ஆயிடுது. சோறு வேகுற ஸ்மெல் வந்தாலே அவ்ளோதான். வெயிட் குறையுதுன்னு டாக்டர் திட்டுறாங்க."

"வாய்க்கு என்னதான் வேணும்னு இருக்கு, சொல்லு."

"அம்மா புதன்கிழமை செய்வாங்கள்ல, கிரில் சிக்கன் சாலட், வெள்ளையா டிரெஸ்ஸிங் ஊத்தி. அது மட்டும்தான் கண்ணுலயே நிக்குது. ஹோட்டல்ல ஆர்டர் பண்ணிப் பாத்தேன், வெறும் மயோனைஸ். வீட்ல பண்ணலாம்னா, பச்சைச் சிக்கனப் பாத்தாலே பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கு."

"நான் பண்ணிண்டு வரேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. உன் பெண் நாலு நாளாக மோரும் பிஸ்கட்டும்தான். அவள் வாயில் ஒரு கவளம் இறங்கித் தங்க வேண்டும். அதற்குக் கோழிதான் வேண்டுமென்றால் கோழிதான்.

அந்தச் சாலட் எப்படிப் பிறந்தது, ஞாபகமிருக்கிறதா? உனக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரம். மத்தியானச் சோற்றைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். "சோத்த விட்டுட்டு என்னத்தத் திங்க? கோழிய மட்டும் விட மாட்டேன், சொல்லிட்டேன்" என்று சண்டைக்கு நின்றாய், ஏதோ நான்தான் டாக்டர் மாதிரி. மறுநாள் கோழியைத் தோலில்லாமல் கல்லில் வாட்டி, இலைதழை எல்லாம் போட்டு, மேலே கடையில் வாங்கிய மயோனைஸைக் கொட்டிக் கொண்டுவந்தாய். இரண்டு வாய் தின்றுவிட்டு மூடி வைத்துவிட்டாய். நான்தான் சொன்னேன், இதற்கு எதற்குக் கடைச் சரக்கு, எங்கள் வீட்டுக் கடுகுப் பச்சடியைக் கொஞ்சம் மாற்றினால் போதாதா என்று. தயிரைத் துணியில் வடிகட்டி, கடுகைப் பொடித்துப் போட்டு, ஒரு பல் பூண்டு, மிளகு, தேன், எலுமிச்சை, இரண்டு ஸ்பூன் எண்ணெய். அடுத்த புதன்கிழமை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தேன். உங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி கவிச்சி கிடையாது என்பதால் புதன்கிழமை என்று முடிவாயிற்று. பதினோரு வருஷம் அது மாறவில்லை.

செவ்வாய் சாயங்காலமே வேலை தொடங்கிவிடும். ஆபீஸ் விட்டதும், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற டோம்பிவிலி ஸ்லோ லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்து, மடியில் பேப்பரை விரித்து, முட்டைக்கோஸை நீ நூல் நூலாக அரிவாய். நான் குடைமிளகாய். எதிர் சீட்டில் வெந்தயக் கீரை ஆய்கிற மராத்திக்காரிகள் நம்மைப் பார்த்து, "காய் கர்தேஸ்?" என்று கேட்பார்கள், என்ன செய்கிறாய் என்று. "சாலட், சாலட்" என்று பெருமையாகக் கத்துவாய். ஃபாஸ்ட் வண்டி மாட்டுங்காவில் நிற்காது. அதில் ஏறினால் நீ சீக்கிரம் வீடு சேரலாம். எனக்காக ஸ்லோவில் வந்தாய். கேட்டால், "அதுல ஏறுனா ஆர் கூட வாய் பேசுவேன்?" என்பாய்.

மறுநாள் மத்தியானம் நீ என் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பேன்ட்ரிக்கு, அந்தச் சின்னச் சமையலறைக்கு, போய்க் கலக்கிக்கொண்டு வருவாய். முதலில் கோழி படாத காய்கறியை எனக்குத் தனிக் கிண்ணத்தில் போட்டு, தனி ஸ்பூனால் டிரெஸ்ஸிங் ஊற்றித் தருவாய். ஒரு நாள்கூட அந்த ஸ்பூனை மாற்றினதில்லை. ஒரு வாய் போட்டுவிட்டு நான் ஆரம்பிப்பேன்: "பாத்தியா, வாயில வைக்காமலே எப்படி அமைஞ்சிருக்கு!"

எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். சுவாமிக்குக் காட்டும் முன்னால் சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது. பார்த்தால் எச்சில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உப்பு, உறைப்பு எல்லாம் எனக்குக் கையளவும் மூக்கும்தான். கொதிக்கிற வாசனையிலேயே உப்புத் தெரிந்துவிடும் என்று நான் அளந்துகொண்டே இருப்பேன், நீயும் தலையாட்டிக்கொண்டே இருப்பாய். "ஒன் கைக்கு அளவே வேண்டாம் மாமி, நான் சொல்லுதேன்லா" என்பாய். இந்த வார்த்தையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். இன்றைக்கு இதற்காகத்தான் உன்னோடு சண்டை.

காலையில் சயானில் ஒரு கோழிக் கடைக்குப் போனேன். காய்கறி வாங்கியே பழகிய புத்தி என்ன செய்யும்? "நல்ல இளசா குடுங்க" என்றேன் இந்தியில். அவர் எலும்பில்லாத நெஞ்சுக்கறியை எடைபோட்டுப் பையில் கட்டினார். நான் நகரவில்லை. "என்ன ஆன்ட்டி?" என்றார். "கொத்தமல்லி?" என்றேன். காய் வாங்கினால் பாஜிவாலா ஒரு கட்டு சும்மா போடுவானே! கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். "பஹ்லி பார் கியா, ஆன்ட்டி?" என்று கேட்டார் கடைக்காரர், முதல் தடவையா என்று. ஆமாம் என்றதும் எப்படி வெட்ட வேண்டும், எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று பாடமே நடத்திவிட்டார். பக்கத்துப் பாஜிவாலாவிடமிருந்து கொத்தமல்லியும் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் இவரிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். செல்விக்கு என்றதும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் சமையலறைக்குள் வேண்டாம் என்றார். பால்கனியில் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்தேன். கோடு கோடாக இருக்கிற புது வாணலி, புதுக் கத்தி, புதுப் பலகை. கோழியின் தடிமனான இடத்தைக் கீறி விரித்துச் சமமாக்கி, பூண்டு, மிளகு, எலுமிச்சை, எண்ணெய், உப்புப் போட்டு ஊறவைத்தேன். இவர் பார்க்குக்குப் போகிறேன் என்று செருப்பை மாட்டினார். போகவில்லை. துண்டால் மூக்கை மூடிக்கொண்டு பால்கனி வாசலில் வந்து நின்று, போனில் வீடியோவைப் போட்டுக் கட்டளையிட ஆரம்பித்துவிட்டார்.

"ஆறு நிமிஷம் ஆச்சு, திருப்பு. அமுக்காதே! அமுக்கினா ஜூஸ் போயிடும்னு அந்தப் பையன் சொல்றானாக்கும்."

"துண்டை எடுத்துட்டுப் பேசுங்கோ, ஒண்ணும் புரியலை."

"உள்ளே சிவப்பா இருக்கப்படாது. மாசமா இருக்கிற பொண்ணு. நடுவுல வெட்டிப் பாரு."

வெட்டிப் பார்த்தேன். லேசாக ரோஜா நிறம். மறுபடி வாணலியில் போட்டு மூடினேன். இரண்டாவது தடவை வெட்டியபோது நடுவிலும் வெள்ளை, வடிந்த சாறும் தெளிவு. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது! "கோடு கூட விழுந்திருக்கு!" என்று கத்தினேன். இவர் துண்டை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு" என்றார். முப்பது வருஷத்தில் என் சமையலைப் பற்றி இவர் வாயைத் திறந்து சொன்ன ஒரே நல்ல வார்த்தை, ஒரு கோழிக்கு.

ஐந்து நிமிஷம் ஆறவிட்டுக் குறுக்கே மெல்லிசாக நறுக்கினேன். கழுவித் துடைத்த லெட்யூஸ், வெள்ளரி, முட்டைக்கோஸ், புதினா, வறுத்த வேர்க்கடலை எல்லாம் ஒரு டப்பா. கோழி ஒரு டப்பா. டிரெஸ்ஸிங் மட்டும் சமையலறையில் என் வழக்கப்படி செய்து தனியாக எடுத்துக்கொண்டேன், முன்னாடியே கலந்தால் இலை துவண்டுவிடும். டாக்சி பிடித்துத் தேவ்நார் போய்ச் சேர்ந்தேன்.

செல்விதான் கதவைத் திறந்தாள். கன்னம் ஒட்டிப்போய், கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நின்றாள். ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு, தட்டில் கொஞ்சமாக எடுத்து வைத்தேன். கோழியைப் பார்த்தாள், முகத்தைச் சுளிக்கவில்லை. டிரெஸ்ஸிங்கை முகர்ந்தாள். "அம்மா வாசனை" என்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் போட்டாள். மென்றாள். நிறுத்தினாள். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னடிம்மா, வாந்தி வர்றதா?"

"இல்ல ஆன்ட்டி." தயங்கினாள். "சிக்கன் மஸ்த்தா, சூப்பரா இருக்கு. டிரெஸ்ஸிங்லதான் உப்பே இல்ல."

"இருக்காதே! எப்பவும் போடற அளவுதானே போட்டேன்."

உன் பெண் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தாள். அப்படியே உன் சிரிப்பு. "அது எப்பவுமே அப்படித்தான் ஆன்ட்டி. அம்மா உங்ககிட்ட சொன்னதே இல்லையா? பேன்ட்ரிக்குப் போயி உப்பு, எலுமிச்சம்பழம், இன்னும் என்னென்னமோ போட்டு சரி பண்ணிட்டுத்தான் கொண்டு வருவாங்களாம். 'மாமி மோந்து பாத்தே உப்பு போடுதா, சொன்னா மொகம் வாடிரும்'னு வீட்ல சொல்லிச் சிரிப்பாங்க."

பதினோரு வருஷம்! அடிப்பாவி! வாரா வாரம் உன் கைவேலையைத் தின்றுவிட்டு உன்னிடமே பீற்றிக்கொண்டிருக்கிறேன், நீ கொஞ்சமும் நெளியாமல் தலையாட்டியிருக்கிறாய். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனால் அவமானப்பட அப்போது நேரமில்லை. அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். பசி வந்த நேரம் அது. விட்டால் போய்விடும்.

"உப்பு டப்பா எங்கே?" என்று கேட்டு அவள் சமையலறைக்கு ஓடினேன். டிரெஸ்ஸிங்கில் விரலை விட்டேன். கொஞ்சம் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு வாயில் வைத்தேன். வாசனை பிரமாதம். ருசி ஒன்றும் இல்லை. வெறும் தயிர். உப்புப் போட்டேன், நக்கினேன். எலுமிச்சை பிழிந்தேன், நக்கினேன். கடுகு கொஞ்சம் கசந்தது, இன்னும் துளி தேன். மறுபடி உப்பு. ஒவ்வொரு தடவையும் ஸ்பூனைக் கழுவிக் கழுவி வைத்தேன், ருசி பார்ப்பதை நிறுத்தவில்லை. திடீரென்று ஒரு தடவை நாக்கில் சுரீரென்று பட்டது. புதன்கிழமை மத்தியானத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன் என்று தெரிந்தது. அப்படியே கிண்ணத்தோடு ஓடிவந்து அவள் தட்டில் ஊற்றினேன்.

சாப்பிட்டாள். ஒரு வாய், இன்னொரு வாய், அப்புறம் தலையை நிமிர்த்தாமல் தட்டைக் காலி செய்தாள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், கால் மணி. அவள் பாத்ரூம் பக்கம் திரும்பவே இல்லை. எலுமிச்சம்பழம் எங்கே போனதென்றும் தெரியவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அம்மா செஞ்ச மாதிரி இல்ல ஆன்ட்டி" என்றாள், தட்டை என் பக்கம் நீட்டிக்கொண்டே. "ஆனா இன்னும் கொஞ்சம் போடுங்க."

உனக்குப் பிறந்தவளுக்கு என்னிடம் பொய் சொல்லத் தெரியவில்லை. நல்லதுதான். நீ இன்னும் என்னென்ன சேர்த்தாய் என்று அவளுக்கும் தெரியாதாம். உட்கார்ந்து கண்டுபிடிக்கப் போகிறேன்.

திரும்பி வந்து சாயங்காலம் ரசம் வைத்தேன். நுரை கட்டி வந்ததும் ஒரு கரண்டி எடுத்து, ஆற்றி, வாயில் விட்டேன். பின்னாலேயே இவர் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பண்றே?"

"ருசி பாக்கறேன். உப்பு குறைச்சலா இருக்கே."

"எப்பவும் அப்படித்தானே இருக்கும்" என்றார் இவர், சர்வ சாதாரணமாக.

முப்பது வருஷமாக இந்த மனுஷர் பேசாமல் சாப்பிட்டிருக்கிறார், என் நாக்கும் அந்த உப்புக்கே பழகிப்போயிருக்கிறது. என் சமையலில் யாரும் குறை சொன்னதில்லை என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எல்லாருக்கும் சமைத்துப் போடுகிறேனே, எனக்கென்று யார் செய்து தருகிறார்கள் என்று வண்டியில் உன்னிடம் புலம்பியும் இருக்கிறேன். நீ முட்டைக்கோஸை அரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய். மறுநாள் பேன்ட்ரியில் எனக்காக உப்புப் போட்டுக்கொண்டிருந்தவள்தானே நீ. ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

ரசத்தில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, மறுபடி ருசி பார்த்தேன். இப்போது சரியாக இருக்கிறது.