நீர் எனக்குச் சொன்ன கடவுச்சொல்

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னவன். நீர் கேட்கவில்லை. இன்று காலை, இரண்டு பூவரச மரங்களுக்கு நடுவே கட்டியிருக்கும் செம்மஞ்சள் குழாயில் என் மனைவி ஈரத் துவாயை விரித்தாள். வெயில் ஏற ஏற, குழாயிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் மணம் கிளம்பியது. படைமுகாமுக்குள் நீர் மண்ணுக்கடியில் வயர் தாட்டபோது மிஞ்சிய உறைக்குழாய்த் துண்டு அது. கொடிக்கயிற்றைவிட நல்ல உறுதி. மணத்தோடு நீரும் வந்துவிட்டீர்; ஆகவே எழுதுகிறேன். செத்தவருக்கு எழுதுவதில் ஒரு வசதி, குறுக்கே கதைக்க ஆளில்லை.

நாம் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் இரண்டு வயது மூத்தவன். நீர் வந்து சேரட்டும் என்று எட்டாம் வகுப்பில் இரண்டு வருடம் காத்திருந்தேன். அதனால்தான் பெரிய எஞ்சினியரான பிறகும் என்னை அண்ணை என்றே கூப்பிட்டீர். படை உம்மைக் கொழும்பிலிருந்து அழைத்து, எங்கள் தீவுக் கடற்கரை முகாமின் கணினி வலையமைப்பு முழுவதையும் புதுப்பித்துப் பாதுகாக்கும் வேலைக்குத் தலைவராக்கியபோது, தீவில் பாதிப்பேர் உம்மைக் கண்டால் காறித் துப்பினார்கள். நான் மட்டும் துப்பவில்லை. வயருக்குக் குழி வெட்டுபவர்களை மேய்க்கும் வேலையை எனக்கு நீர் தந்திருந்தீர்.

ஏன் அந்த வேலையை எடுத்தீர் என்பது எனக்குத் தெரியும். உம்முடைய தகப்பன் வீடும் நல்லதண்ணிக் கிணறும் முகாம் வேலிக்குள் கிடந்தன. உம்மோடு சேர்த்து ஆறு குடும்பங்களின் காணி. புதுக் கமராக்களும் புது வயரும் வந்தால் இவ்வளவு நிலத்தைப் பிடித்து வைத்திருக்கத் தேவையில்லை, வேலியைப் பின்னுக்கு எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தீர். வேலை முடிந்ததும் எடுப்பதாகப் பெரிய அதிகாரிகளும் ஒப்புக்கொண்டார்கள்.

உள்ளே போன முதல் நாள் உம்முடைய முகம் போன போக்கு! உப்புக்காற்றில் பழைய வயரெல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தது. ஒவ்வொரு கணினியின் நெற்றியிலும் கடவுச்சொல்லை எழுதி ஒட்டியிருந்தார்கள். நீர் உரித்து உரித்து வாளிக்குள் போட்டீர். சமையல்காரர் பாட்டுக் கேட்ட அதே இணைப்பில்தான் காவல் கோபுரத்துக் கமராக்களும் ஓடின. இரண்டையும் பிரித்தீர். ஆட்டுக்கு ஒரு கொட்டில், மாட்டுக்கு ஒரு கொட்டில் என்று நான் தந்த யோசனை அது. என் பெயரை நீர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை, பரவாயில்லை. வெட்ட வெட்டச் சரிந்த மணலைப் பனைமட்டையால் அணைக்கச் சொன்னவனும் நான்தான். அதைப் பார்த்துத் தளபதியே எனக்குச் சல்யூட் அடித்தார், கிட்டத்தட்ட.

நீர் எழுதிய விதிகளைச் சுவரில் தொங்கவிட்டீர். அதில் ஒன்று எனக்குப் பாடம்: யார்மேல் சந்தேகம் வந்தாலும் முதலில் வெளியே நிறுத்து, பிறகு விசாரி.

"உமக்குமோ?" என்று கேட்டேன்.

"எனக்கும்தான் அண்ணை. பூட்டை ஒருத்தரும் உடைக்கிறேல்லை. வாயைத் திறந்துதான் குடுக்கினம்."

அன்று பகல் உம்முடைய கிணற்றடியில் இருந்து சோறு தின்றபோதுதான் அந்தக் கடவுச்சொல்லை என் காதுக்குள் சொன்னீர். அன்னமுத்து. உம்முடைய தாயின் பெயர், கிணற்றின் பெயரும் அதுதான்.

அந்த வாரம் மண்கும்பான் தேத்தண்ணிக் கடையில், மீன் ஏலம் கூறும் செபமாலை எல்லோருக்கும் கேட்கக் கேட்டான்: "எட்டாம் வகுப்போடை நிண்ட ஆள் முகாமிலை என்ன செய்யிறார்? கிடங்கு வெட்டுறாரோ, கக்கூசு கழுவுறாரோ?"

கடை முழுக்கச் சிரித்தது. நான் விடுவேனா?

"டேய் செபமாலை, அந்த முகாமின்ரை பூட்டுத் திறப்பே என்ரை வாய்க்குள்ளை கிடக்கு. அன்னமுத்து! எஞ்சினியர் எனக்கு மட்டும் சொன்னவர்."

சிரிப்பு நின்றது. "உண்மையோ அண்ணை?" என்று கதிரையை எனக்கு இழுத்துப் போட்டான். ஒருவரும் சந்தேகப்படவில்லை. சவர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு, ஒருவன் நல்லதண்ணிக் கிணற்றின் பெயரால் பூட்டுவான் என்பது அவ்வளவு இயல்பு.

மூன்றாம் நாள் கதை முகாமுக்குப் போனது. உம்முடைய விதிப்படியே உம்மை வாசலில் நிறுத்தினார்கள். என்னைக் கூப்பிட்டு உம் முன்னால் வைத்து அதிகாரி கேட்டார்: "ஐயா, இவர் உங்களுக்கு சொன்னதா?"

நீர் என்னைப் பார்த்தீர். "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. ஆறு வீட்டுக் காணி இதிலை கிடக்கு."

வாசலுக்கு வெளியே செபமாலையும் கடைக்காரரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஓம், எனக்குத்தான் சொன்னவர்" என்றேன்.

அந்தச் சொல் முகாமில் ஒரு கணினியையும் திறக்கவில்லை. நீர் அவசரமாக மாற்றிவிட்டீர் என்று அவர்களே முடிவு கட்டினார்கள். உம்மை நீக்கினார்கள்; மிச்ச வேலையை வேறு ஆட்கள் முடித்தார்கள். வேலி இருந்த இடத்திலேயே இருக்கிறது, முட்கம்பி மட்டும் புதிது. அந்த வருடமே யாழ்ப்பாணத்து வாடகை வீட்டில் நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்தீர். உம்மைக் குளிப்பாட்ட அந்தக் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் கேட்டு உம்முடைய மனைவி முகாம் வாசலில் நின்றா. கிடைக்கவில்லை. பவுசர் லொறியில் வந்த தண்ணீரில்தான் குளிப்பாட்டினோம். இரங்கலுரை நான்தான் ஆற்றினேன், அழாதவர் இல்லை. உம்முடைய மனைவி மட்டும் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டா. அவவுக்கு எப்போதும் கொஞ்சம் தலைக்கனம்.

நேற்றும் செபமாலை கேட்டான், "இப்பத்தைய கடவுச்சொல் என்ன அண்ணை?" "மாத்திப்போட்டாங்கள், புதுசும் தெரியும், சொல்ல ஏலாது" என்றேன். தேத்தண்ணி அவன் வாங்கித் தந்தான்.

ஒரு சின்ன விஷயம். உமக்குச் சொன்னால் கடைவரை போகாது. கிணற்றடியில் நீர் எனக்கு ஒரு கடவுச்சொல்லும் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். "ஏலாது அண்ணை, குறை நினையாதேங்கோ" என்றீர். பிறகு வாளியில் தண்ணீர் அள்ளி, நீர் குடிக்குமுன் எனக்குத் தந்தீர். அந்தத் தண்ணீரின் இனிப்பு இன்னும் என் நாக்கில்தான் கிடக்கிறது.