அறுபது டிகிரிக் காய்ச்சல்

பிப்ரவரி 3, செவ்வாய்

வேலை முடிந்து வந்தால், வண்டி நிறுத்துமிடத்தின் பின்மூலையில் நாத்தனார் முழங்கை வரை குப்பைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறாள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் நான். கதவுக் கைப்பிடியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் தொடுவேன்.

"அண்ணி, நீங்களும் கை வச்சுப் பாருங்க, சுடுது!"

யார் வைப்பது?

புருஷனோடு இனி முடியாது என்று அவள் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. காலையும் மாலையும் பள்ளி வேன் ஓட்டுகிறாள். கொண்டுவந்த பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நிற்கிறது. வேண்டியதை எடுப்பாள், துவைத்து மறுபடி அதிலேயே வைப்பாள். "அலமாரி காலியாத்தானே இருக்கு?" என்றால், "பாத்துக்கலாம் அண்ணி." ஆனால் வந்த பத்தாம் நாளே மூன்று பழைய டிரம்களில் ஓட்டை போட்டு இந்த உரம் தயாரிக்கும் வேலையை ஆரம்பித்துவிட்டாள். இந்தக் கட்டடத்தில் அவளுக்கென்று இருப்பது அந்த மூலை ஒன்றுதான்.

பிப்ரவரி 7, சனி

கை வைக்கவில்லை, தெர்மாமீட்டர் வைத்தேன். கேக் வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கும் நீளமான ஒன்று வீட்டில் கிடந்தது. 58 டிகிரி செல்சியஸ்! ஆஸ்பத்திரியில் நாற்பதைத் தாண்டினாலே ஓடுவோம்.

சமையலறைக் கழிவு ஒரு பங்கு, சருகு இரண்டு பங்கு, பழைய உரம் ஒரு கைப்பிடி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் சாப்பிடுகிற சூடாம் அது. நான் வாழ்நாள் முழுக்கக் கொன்ற கூட்டத்தை இவள் வேலைக்கு வைத்திருக்கிறாள். பழக்க தோஷம், தினமும் சூட்டைக் குறிக்க ஓர் அட்டை எழுதி டிரம்மில் தொங்கவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "குப்பைக்கு கேஸ் ஷீட் போட்ட ஒரே ஆள் நீங்கதான் அண்ணி."

பிப்ரவரி 12, வியாழன்

மனசாரச் சொல்கிறேன், கெட்டிக்காரிதான். முன்பு இருபத்து நான்கு வீட்டுக் குப்பையும் வாசலில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், நாய் கிழிக்கும். இப்போது ஒரே மூட்டை, அதுவும் காய்ந்த குப்பை. "படிக்கட்ட இப்பல்லாம் தேய்க்கறதில்ல சிஸ்டர், சும்மா துடைக்கறேன்" என்கிறாள் கூட்டுகிற அம்மா. முதல் டிரம் உரத்தை வாசல் மரத்துக்குப் போட்டோம்; சாகப்போகிறது என்று நினைத்த மரம் தளிர்விட்டிருக்கிறது. அதைவிட அதிசயம் ஒன்று. இரண்டு வருடமாக முகம் பார்க்காத தையல்காரம்மாவும் மூன்றாம் மாடி வக்கீல் வீட்டம்மாவும் கையில் வாளியோடு டிரம் பக்கத்தில் நின்று அரை மணி நேரம் பேசுகிறார்கள்!

நானும் ஏதாவது செய்ய வேண்டாமா? குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டேன்: 'சுகாதாரத்துக்காக, கழிவுகளை மூன்று தண்ணீர் அலசிவிட்டுப் போடவும்.' எல்லோரும் உடனே கைகூப்பிவிட்டார்கள். நர்ஸ் சொன்னால் கேட்கிறார்கள், பரவாயில்லை. நாத்தனாரிடம் பட்டன் போன்தான், குழுவில் இல்லை. அதனாலென்ன, குப்பை எப்படிச் சுத்தமாக வருகிறது என்று அவளே ஆச்சரியப்படட்டும்.

பிப்ரவரி 20, வெள்ளி

நாற்றம். ஜன்னலைச் சாத்தினேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வரும் ஞாயிறு குடியிருப்போர் கூட்டமாம். டிரம்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று மூன்றாம் மாடி வக்கீல் அறிவிப்பு ஒட்டிவிட்டார். அட்டையைப் பார்த்தேன்: 58, 51, 40, 33. நோயாளி குளிர்ந்துகொண்டே போகிறார்.

நாத்தனார் ஒரு பிடி எடுத்துப் பிழிந்து காட்டினாள். "ரெண்டு சொட்டு வந்தா பதம் சரி அண்ணி. இது குழாய் மாதிரி ஊத்துது. தண்ணி நின்னா காத்து போகாது, காத்து போகலைன்னா அழுகிடும். மழையும் இல்ல, எங்கேருந்துதான் தண்ணி வருதோ!"

மாலையில் அவள் என் கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "அண்ணா, ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன். என்னால உங்களுக்கும் கெட்ட பேரு."

பிப்ரவரி 25, புதன்

ஐயோ, நான்தான்.

அவள் வேன் எடுத்துப் போயிருந்த நேரம் தையல்காரம்மா வாளியோடு வந்தார். கவிழ்த்தார். தோலைவிடத் தண்ணீர்தான் அதிகம் விழுந்தது. "சிஸ்டர், நீங்க சொன்னபடியே மூணு தண்ணி அலசிட்டேன். முட்டை ஓட்டைக்கூட பிரஷ் போட்டுத் தேய்ச்சேன்!" என்று பெருமையாகச் சொன்னார்.

இருபத்து நான்கு வீடு. தினமும். என் உத்தரவு.

பிப்ரவரி 26, வியாழன்

சொல்லவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது வாய்வரை வந்தது. அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறினாள், விழுங்கிவிட்டேன். யாருக்கும் தெரியாமல் குழுவில் 'இனி அலச வேண்டாம்' என்று போட்டுவிட்டால் போதாதா? போதாது. கதவுக்குப் பின்னால் நிற்கிற அந்தப் பெட்டி போய்விடும். இவ்வளவு கோழையா நான்?

மார்ச் 1, ஞாயிறு



மொட்டைமாடியில் கூட்டம். வக்கீல் எழுந்தார். "பத்து நாளா ஜன்னலைத் திறக்க முடியல. இனி ஒரு நாள்கூடத் தாங்காது." உடனே நாத்தனார் எழுந்துவிட்டாள். "பதம் தவறிடுச்சு சார். தப்பு என்னோடதுதான். நாளைக்கே எடுத்துடறேன்."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. "அவ தப்பு இல்ல. குப்பையைக் குளிப்பாட்டச் சொன்னது நான். அந்தத் தண்ணிதான் எல்லாத்தையும் கெடுத்துச்சு" என்று சொல்லிவிட்டேன்.

வக்கீல் வீட்டம்மா மெதுவாகக் கேட்டார்: "அப்ப... வாழைப்பழத் தோலுக்கு சோப்பு போட்டதும் தப்பா?" மாடியே சிரித்தது. வக்கீல் மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பதினைந்து நாள் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

இறங்கும்போது நாத்தனார் சொன்னாள், "எனக்குத் திங்கக்கிழமையே தெரியும் அண்ணி. தையல்காரம்மா சொன்னாங்க."

"தெரிஞ்சுமா அப்படி எந்திரிச்சு நின்ன? ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"நாலு பேர் முன்னாடி உங்களைத் தலைகுனிய வைக்கவா இந்த வீட்ல சாப்பிடறேன்?"

படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இவள் பெரிய மனுஷி. நான்கு மாதமாக ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 2, திங்கள்

லீவு போட்டேன். தச்சுப்பட்டறையிலிருந்து நான்கு சாக்கு மரத்தூள் வந்தது. டிரம்களைக் கவிழ்த்து, மரத்தூளும் சருகும் கலந்து, மறுபடி அடுக்கினோம். கையுறை போட்டிருந்தேன். பாதியில் கழற்றிவிட்டேன், பதம் தெரியவில்லை.

மார்ச் 9, திங்கள்

39, 47, 55, 60! தியேட்டரிலிருந்து போன் செய்து கேட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மார்ச் 15, ஞாயிறு

பதினைந்து நாள் முடிந்தது. வக்கீல் டிரம் மூடியைத் திறந்து குனிந்து முகர்ந்தார். "மழை பெஞ்ச மண் வாசனைதான் வருது" என்றார். போகும்போது மாடித் தொட்டிகளுக்கு ஒரு வாளி உரம் கிடைக்குமா என்று கேட்டார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பூங்காவில் சருகு அள்ளப் புறப்பட்டோம். சாக்கு எல்லாம் கிழிந்துவிட்டது. பரணில் தேடிக்கொண்டிருந்தேன்.

"சாக்கு எதுக்கு அண்ணி?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். வாங்கித் தூக்கிப் பார்த்தேன், காலி. உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். மேல் தட்டில் அவள் துணி, மடித்து வரிசையாக. எப்போது வைத்தாளோ.

பெட்டி நிறையச் சருகை அமுக்கி இழுத்து வந்தோம். கேட்டில் மோதி ஒரு சக்கரம் கழன்றுவிட்டது. நான் குனிந்து தேடினேன்.

"விடுங்க அண்ணி," என்றாள். "இனிமே அது எங்க போகப்போகுது?"