அப்பா பெயரில் வரும் குப்பை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நம் மூக்குக்கண்ணாடிக் கடை ஓடுகிறது. எனக்குத்தான் கொஞ்ச நாளாகக் கம்ப்யூட்டரைத் தொட்டுவிட்டு எழுந்தாலே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் போல இருக்கிறது. கடையின் மெயில் பெட்டி அப்படி நாறிக் கிடந்தது. இந்தக் கடிதத்தைக் காகிதத்தில் எழுதித் தபாலில் போடுவதும் அதனால்தான். தபால்காரர் கொண்டுவந்து உன் கையில் கொடுத்துவிடுவார். நடுவில் எதுவும் ஒதுக்கி வைக்காது.

அப்பா போன கொஞ்ச நாளிலேயே அவருடைய மெயிலுக்குள் எவனோ புகுந்துவிட்டான். பாஸ்வேர்டு என்று கடைப் பெயரையே வைத்திருந்தார் மனிதர். போர்டைப் படிக்கத் தெரிந்த எவனும் திறந்திருக்கலாம். லென்ஸ் கம்பெனி, கண் டாக்டர், பழைய வாடிக்கையாளர்கள் என்று அவரிடம் இருந்த அத்தனை முகவரிக்கும் அவர் பெயரில் மெயில் போனது. கடை மெயிலுக்கும் வந்தது, உனக்கும் வந்திருக்கும். உடம்பு இளைக்க மாத்திரை, பரிசு விழுந்த செய்தி, வாயால் சொல்ல முடியாத படங்கள். செத்த மனுஷனின் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் நின்று அசிங்கம் விற்கிறான்கள். அவன்கள் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. பார்த்தால் வாந்திதான் வரும்.

வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, ரொம்பத் தயங்கி, "அப்பா எனக்கு ஒரு மெயில் போட்டிருக்காரும்மா. அவர் தவறிட்டார்னு யாரோ சொன்னாங்க, அது தப்பான சேதியா?" என்று கேட்டார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. இல்லை ஐயா, சேதி சரிதான், மெயில்தான் பொய் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. மறுமுனையில் அவர் இரண்டாவது முறையாக அப்பாவை இழந்தது எனக்குக் கேட்டது.

தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரை நீ 'ஒயர்' என்று கூப்பிடுவாயே, அவரைத்தான் வரவழைத்தேன். பாஸ்வேர்டை மாற்றினார். நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவில்லை. மெயிலில் அனுப்புகிறவர் முகவரி என்பது கவரின் மேல் எழுதுவது மாதிரியாம். யார் வேண்டுமானாலும் யார் முகவரியை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாமாம். "ஒரு ஃபில்டர் போட்டுடலாங்க" என்றார். அவர் போட்ட ஃபில்டர் என்ன தெரியுமா? 'இலவசம்' என்ற வார்த்தை இருந்தால் மெயிலைக் குப்பைப் பெட்டிக்குத் தள்ளு என்று ஒரு விதி. லென்ஸ் கம்பெனிக்காரன் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் 'டெலிவரி இலவசம்' என்று போடுகிறவன். அவன் மெயில் எல்லாம் குப்பைக்குப் போனது. மாத்திரை விற்கிறவனோ புத்திசாலி, எழுத்துக்கு நடுவில் புள்ளி வைத்து எழுதி நேரே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டான். ஆர்டரைப் பற்றி அவன் கேட்டது என் கண்ணில் படாததால், ஒரு டீச்சர் கண்ணாடி வராமல், பழைய உடைந்த கண்ணாடிக் காலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வகுப்பு எடுத்திருக்கிறார். என்னைப் பார்த்து அவர் திட்டக்கூட இல்லை. எனக்கு ஒயரின் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்காமல் போனது.

சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தேன். மெயிலிலேயே ஒரு ஃபில்டர் இருக்கிறது. குறைவு, நடுத்தரம், கடுமை என்று அதற்கு அளவு வைக்கலாம். குறைவில் வைத்தால் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். கடுமையில் வைத்தால் கண் டாக்டர் அனுப்பும் சீட்டுகள்கூட வராது. கூடவே ஏதோ ஃபைல் இணைத்திருக்கிறது, சந்தேகமாக இருக்கிறது என்று தடுத்துவிடும். பிறகு தனியாக விற்கிற ஃபில்டர்களைப் பற்றி விசாரித்தேன். ஒரு கம்பெனியிடம் என் முகவரியைக் கொடுத்ததுதான் தப்பு. அன்றிலிருந்து காலை மாலை அவனிடமிருந்தே விளம்பரம். நிறுத்து என்று எழுதினால் அதற்கும் ஒரு விளம்பரம். குப்பை அள்ள வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் நம் வாசலில் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. எதைத் தடுத்தோம் என்பதை மறைக்காமல் ஒரு பெட்டியில் போட்டு வைக்கிறது. நாம் பார்த்து, இது குப்பை, இது குப்பை இல்லை என்று சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்கிறது. தவறாகத் தடுத்ததைத் திரும்ப எடுக்கலாம். நம்பகமானவர்கள் என்று ஒரு பட்டியலும் உண்டு. அதில் ஒரு முகவரியைச் சேர்த்துவிட்டால் அந்தப் பெயரில் வருவதை மட்டும் கேள்வி கேட்காமல் உள்ளே விடும். லென்ஸ் கம்பெனியையும் டாக்டரையும் அதில் சேர்த்தேன்.

கற்றுக்கொடுப்பது என்று சுலபமாக எழுதிவிட்டேன். அசிங்கத்தை அடையாளம் காட்ட வேண்டுமென்றால் நான் அசிங்கத்தைப் பார்க்க வேண்டுமே. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, குப்பை, குப்பை, குப்பை என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். அதில் பாதிக்கு மேல் நம் அப்பா பெயர். ஒவ்வொரு தடவையும் அப்பா பெயருக்கு நேராகக் குப்பை என்று அழுத்தினேன். அது எப்படி இருந்தது என்று உனக்கு எழுத வரவில்லை.

ஃபில்டர் நன்றாகவே கற்றுக்கொண்டது. மற்றதெல்லாம் நின்றுவிட்டது. அப்பா பெயரில் வருவது மட்டும் நிற்கவே இல்லை. தடுப்பதில் தவறா, நான் வைத்ததில் தவறா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நம்பகமானவர்கள் பட்டியலில் லென்ஸ் கம்பெனி, டாக்டர், அதற்குக் கீழே அப்பா.

அம்மாதான். நான் சேர்த்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். நான் இல்லாதபோது அவளே உட்கார்ந்து சேர்த்துவிட்டாள். கேட்டதற்கு, கண்ணாடி ஃபிரேமின் திருகை முடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் பதில் சொன்னாள். "உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கறதில்லடி. காலையில திறந்தா அவர் பேரு இருக்கும். அது போதும். உனக்கு என்ன நஷ்டம்?"

அம்மா, அது அப்பா இல்லை, எவனோ பொறுக்கி என்றேன். "தெரியும்" என்றாள். திருகை இன்னும் ஒரு சுற்று முடுக்கினாள். நானும் விட்டுவிட்டேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அவள் மேலும் எனக்குக் குமட்டலாக இருந்தது. அந்தப் பெயரைத் தொட்டுக்கொண்டு எவ்வளவு அழுக்கு வருகிறது, அதைக் கதவு திறந்து கூப்பிடுகிறாளே என்று.

பிறகு நடந்ததைக் கேள். நமக்குப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தாரே, அவர் புதுக் கண்ணாடி வாங்க வந்தார். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்துப் போடுகிற கண்ணாடி. இப்போதெல்லாம் கம்ப்யூட்டர்தானே எல்லோரும் பார்க்கிறார்கள் என்று, போட்டுப் பார்க்கிறவர்களுக்கு அம்மா திரையைத் திருப்பிக் காட்டுவது வழக்கம். "இதைப் படிச்சுப் பாருங்க, எழுத்து தெளிவா தெரியுதா?" என்று திருப்பினாள். நான் உள்ளறையில் இருந்தேன். அந்த அம்மாள் குரல்தான் உனக்குத் தெரியுமே, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும். முதல் வரியை அப்படியே நிறுத்தி நிதானமாகப் படித்தார். நம் அப்பாவின் முழுப் பெயர். அதை அடுத்து, 'இழந்த ஆண்மையை ஒரே வாரத்தில் மீட்டேன், நீயும் வா.'

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஒருவன் களுக்கென்று சிரித்தான். ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றவும் தோன்றாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கை நீட்டி அவர் முகத்திலிருந்து கண்ணாடியை மெதுவாக எடுத்தாள். துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "கண்ணாடி சரியாத்தான் இருக்கு டீச்சர்" என்று சொல்லி உறையில் போட்டுக் கொடுத்தாள். அந்தச் சிரித்தவனுக்கும் கேட்டதை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். எல்லோரும் போன பிறகு என்னிடம், "எடுத்துடு" என்றாள்.

எடுத்துவிட்டேன். நான் கேட்டதுதான் நடந்தது. ஆனாலும் பட்டியலிலிருந்து அப்பாவை நீக்கவா, நிச்சயமா என்று அது கேட்டபோது, ஆம் என்று அழுத்திவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன்.

இப்போது மெயில் பெட்டி சுத்தமாக இருக்கிறது. லென்ஸ் கம்பெனி, டாக்டர், இரண்டொரு வாடிக்கையாளர், அவ்வளவுதான். காலையில் திறந்தால் துடைத்துவிட்ட தரை மாதிரி. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் கடைக்கு வருவதற்கு முன்பே அம்மா வந்து உட்கார்ந்துவிடுகிறாள். என்ன பார்க்கிறாள் என்று ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன். குப்பைப் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறாள். தடுத்து வைத்த அத்தனை அசிங்கத்தையும் ஒவ்வொரு வரியாக, விரல் வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகிறாள். அப்பா பெயரைத் தேடுகிறாள் என்று நினைத்து எனக்குக் கோபமாக வந்தது. இன்னுமா அம்மா என்றேன்.

"அவரை இல்லடி" என்றாள். "தம்பி எழுதியிருப்பான். இது நல்லது கெட்டது தெரியாம எல்லாத்தையும் பிடிச்சுப் போடுதே. அவன் லெட்டரும் இதுல மாட்டியிருக்கும்ல?"

இருக்கும் அம்மா, அப்படி ஆவது உண்டு என்று சொன்னேன். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்ட டீச்சரின் கண்ணாடி விஷயம்கூட அப்படித்தானே ஆனது என்று உதாரணம் வேறு காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டு மறுபடியும் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீ அப்பாவின் கடைசிக் காரியத்துக்கு வர முடியாமல் போனதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. லீவு கொடுக்கவில்லை என்றாய், அது போதும். உன்னிடம் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பெட்டியை நானும் தேடிப் பார்த்துவிட்டேன். அம்மா பார்ப்பதற்கு முன்னாலும் பார்த்தேன், பின்னாலும் பார்த்தேன்.

இன்னொன்று. உன் முகவரியை நம்பகமானவர்கள் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. சேர்த்துவிட்டால் உன் மெயில் எப்படியும் உள்ளே வந்துவிடும், அப்புறம் ஃபில்டர் மேல் பழியைப் போட வழியில்லை. அம்மாவும் சேர்க்கச் சொல்லவில்லை. அப்பாவை யாரும் சொல்லாமல் தானாகச் சேர்த்தவள் அவள். எப்படிச் சேர்ப்பது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

உன் பக்கத்திலும் ஏதாவது ஃபில்டர் இருக்கும். அப்பா பெயரில் வந்த கழிசடையைப் பார்த்து, அது கடை மெயிலையும் சேர்த்தே தடுத்திருக்கலாம். அம்மா உனக்கு எழுதியதெல்லாம் அங்கே கிடக்கலாம். ஒரு தடவை தேடிப் பார். அப்படித்தான் ஆயிற்று, இப்போதுதான் பார்த்தேன் என்று எழுது. நாங்கள் நம்புவோம். நான் கேள்வி கேட்க மாட்டேன்.

நன்றாகச் சாப்பிடு. வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு. அம்மா இனி அந்தக் குப்பையில் கை விட்டுத் தேட வேண்டாம் தம்பி.

என்றும் உன்
அக்கா