பாப்பா நிற்கும் தூரம்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் பல்வலி விட்டதா?

போன மாதம் வாங்கிய கேமராவுக்கு இன்னும் லென்ஸ் வாங்கவில்லை. சிரிக்காதே. கடைக்குப் போவதும் வெறுங்கையோடு திரும்புவதுமாக இருக்கிறேன். சின்ன ஜூம் லென்ஸ் கைக்கு அடக்கம், வீட்டுக்குள் நன்றாக எடுக்கும். ஆனால் தூரத்தில் நிற்பவர் எறும்பாகத் தெரிவார். பெரிய ஜூம் பக்கத்தில் இருப்பதையும் எடுக்கும், தெருக்கோடியையும் இழுத்து வரும். ஆனால் செங்கல் கனம், இருட்டறையில் படம் மங்கும். கிடங்கில் பெட்டி அடுக்கும்போதும் இதே யோசனைதான். வரிசை மாற்றி அடுக்கி மேஸ்திரியிடம் திட்டும் வாங்கினேன்.

நேற்று பெரியதை மாட்டிப் பார்த்தேன். எதிர்த்தெருப் பூனை மூக்கருகே தெரிந்தது. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்படியே நடந்து கடையின் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டேன். நெற்றியில் சின்ன வீக்கம்தான், கவலைப்படாதே.

கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார்.

"அண்ணே, யாரைத்தான் எடுக்கப் போறீங்க?"

"என் பொண்ணை."

"கிட்ட வந்து நிப்பாளா, தூரத்துலயே நிப்பாளா? அதைச் சொல்லுங்க, நானே எடுத்துத் தரேன்."

ஊருக்கு எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

போன லீவில் என்னைக் கண்டதும் அடுப்படிக்கு ஓடி உன் புடவைக்குப் பின்னால் ஒளிந்தவள், நான் கிளம்பும் அன்றுதான் மடிக்கு வந்தாள். அதனால் ஒரு சின்ன உதவி. வாசலிலிருந்து அடுப்படி வரை எத்தனை அடி என்று அளந்து எழுது. புது ஆளைக் கண்டால் இன்னும் ஒளிகிறாளா என்றும் எழுது.

வேலைக்கு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். சின்ன லென்ஸே போதும் என்று உன் பதில் வரட்டும்.

பாப்பா அப்பா