ஆனைக்கரை என்று பெயர் வைத்த பாம்பு

மச்சான்,

இன்று காலையும் முட்டைப் பெட்டியின் மூடியை இரண்டு விரல் அளவுக்குத் தூக்கி, மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். ஈர மண் வாசனைதான் வந்தது. அழுகல் நாற்றம் இல்லை. பாம்பு முட்டை வைத்து ஐம்பத்தேழு நாள் ஆகிவிட்டது. நீங்கள் போன பிறகு தினமும் எழுந்ததும் இதுதான் என் முதல் வேலை. பல் விளக்குவதெல்லாம் அப்புறம். ஆனால் இன்றைக்கு நாலு முட்டையில் ஒன்றின் தோலில் பிளேடால் கீறியது மாதிரி ஒரு கோடு இருந்தது. கோட்டுக்கு நடுவே ஒரு மூக்கு நுனி. பட்டென்று மூடியைப் போட்டுவிட்டு இங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன நிறம் என்று பார்க்கப் பயமாக இருக்கிறது. அதைத் தள்ளிப்போடத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு இன்னும் பாம்புப் பயம் போகவில்லை என்று சிரிக்காதீர்கள். அது போய் வெகுகாலம் ஆகிறது. கோயம்புத்தூரிலிருந்து நீங்கள் முதல் ஜோடியைத் துணிப்பையில் போட்டு ஜீப்பில் கொண்டுவந்த அன்று நான் பெஞ்சு மேல் ஏறி நின்றேன். அக்கா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பால் பைத்தான் என்கிற பந்துப் பாம்பு, ஆப்பிரிக்கச் சரக்கு, விஷம் கிடையாது என்று நீங்கள் சொன்னது எங்கள் காதில் ஏறவில்லை. என்னைக் கீழே இறக்கி, ஒன்றை என் கையில் வைத்தீர்கள். அது தலையை உடம்புக்குள் ஒளித்துக்கொண்டு உருண்டையாகிவிட்டது.

"பாத்தியா மாப்ள, ஒன்னயப் பாத்துத்தான் அது சுருண்டு கெடக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி," என்றீர்கள்.

வனத்துறையில் பதிவு செய்த காகிதத்தைச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினீர்கள். அக்கா ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. அப்புறம் அவளே பாம்புக்குத் தண்ணீர் மாற்ற ஆரம்பித்தாள்.

என் பயம் வேறு. ஆறு வருடமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது. நீங்கள் இருக்கும்போது சொல்ல வாய் வரவில்லை. இப்போது காகிதத்தில் சொல்கிறேன், இதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

அந்த வருடம் ஆனி மாதம் நீங்களும் அக்காவும் கம்பத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனீர்கள். அந்த ஜோடி போட்ட முதல் ஈடு, ஆறு முட்டை, பெட்டியில் இருந்தது. பழைய ஃபிரிட்ஜுக்குள் சூடாகும் ஒயரைச் சுற்றி நீங்களே செய்த பெட்டி. குளிர வைக்கிற பெட்டியில் சூடு வைக்கிற மனுஷன் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாளே, அதேதான். முப்பத்தொன்றரை டிகிரி, கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம் மாப்ள. சும்மா எட்டிப் பாரு. முட்டையத் திருப்பிப்புடாத, அது கோழி முட்டை இல்ல," என்று சொல்லி, ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் வைத்திருந்த புள்ளியைக் காட்டிவிட்டுப் போனீர்கள்.

மறுநாள் மதியம் காற்றும் மழையுமாக அடித்து, எங்கோ கம்பி மேல் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. இரண்டு மணிக்கு அளவு இருபத்தேழுக்கு இறங்கியது. உங்கள் முட்டைகள் என் கையில் செத்துப்போகும் என்று நினைத்தேன். நான் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிறவன். சூடு வேண்டுமென்றால் என் புத்தி வேறு எங்கே போகும்? முட்டை டப்பாவைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினேன். உலர்த்தும் அறைக்கு வெளியே, சுவரோரமாக வைத்தேன். அந்த இடம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதற்குள் பச்சைக் காய் மூட்டைகள் வந்து இறங்கின. எடை போட்டு, தட்டில் பரப்பி, விறகு தள்ளி, நிமிர்ந்தபோது மூன்று மணி நேரம் ஓடியிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். முப்பத்தெட்டு.

கரண்ட் வந்திருந்தது. டப்பாவை எடுத்துவந்து பழையபடி வைத்துவிட்டேன். சாயங்காலம் நீங்கள் போனில் கூப்பிட்டீர்கள்.

"அங்கிட்டு காத்து பலம்னு சொல்றாக. கரண்டு போச்சா மாப்ள?"

"இல்ல மச்சான், போகல."

திட்டு வாங்கப் பயந்து சொன்னேன், அவ்வளவுதான். வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

ஆறில் இரண்டு பொரியவே இல்லை. மூன்று, எல்லாப் பந்துப் பாம்பையும் போலக் கருப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக வந்தன. கடைசி ஒன்றுக்குத் திட்டே இல்லை. தலை முதல் வால் வரைக்கும் உலர்ந்த ஏலக்காயின் மங்கல் பச்சை, அடிவயிறு மட்டும் மஞ்சள். நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டீர்கள்.

"இப்படி ஒரு நெறம் ஒலகத்துல எங்கயும் இல்ல மாப்ள. மொதல்ல நிரூபிக்கிறவன் வைக்கிறதுதான் பேரு. ஆனைக்கரைன்னு வைக்கப் போறேன். அமெரிக்காக்காரன் வாய்ல நம்ம ஊரு பேரு வரட்டும்."

நானும் உங்களோடு சேர்ந்து குதித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

நிறம் ஒரு குட்டிக்கு வந்தால் மட்டும் போதாது, அதன் வம்சத்தில் திரும்ப வர வேண்டும், அப்போதுதான் மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று ஜீப்பின் தூசி படிந்த பானட்டில் விரலால் கோடு போட்டு விளக்கினீர்கள். தாய்ப் பாம்பு மறுவருடமே செத்துப்போனது. அதனால் அந்த ஏலக்காய் நிறத்துக் குட்டியையே, ஆண் என்பதால், வளர்த்து ஒரு சாதாரணப் பெண்ணோடு சேர்த்தீர்கள். அந்த நாட்களில்தான் ஒரு மாலை உங்களுக்கு டீ கொண்டுவந்தேன். நீங்கள் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

"முட்டை ஆறிப்போனாக்கூடத் தாங்கிரும். சூடுதான் ஆகாது. சூடு பட்டா குட்டி கோலம் மாறிப் பெறக்கும். அது ரத்தத்துல வராது, அந்த ஒண்ணோட சரி."

ஸ்டோர் சுவரோரம் பார்த்த முப்பத்தெட்டு எனக்கு நினைவுக்கு வந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "டீ ஆறுது மச்சான்," என்றுதான் சொன்னேன்.

அந்த ஈட்டில் ஏழு குட்டி, ஏழும் சாதாரணம். பாம்பு வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் உங்களைக் கேலி செய்தார்கள். நீங்கள் அசரவில்லை. "குழப்பமில்ல மாப்ள," என்று, பரவாயில்லை என்பதை நம் எல்லை ஊர் வழக்கத்தில் மலையாளம் பாதி, தமிழ் பாதியாகச் சொன்னீர்கள். "நெறம் உள்ளுக்குள்ள ஒளிஞ்சு நிக்குது. மகளைப் பெருசாக்கி அப்பனோட சேத்தா பாதிக்குப் பாதி வெளிய வந்துரும்." அக்கா காதைப் பொத்திக்கொண்டு, "சீ, வீட்டுல பேசுற பேச்சா இது," என்றாள். மகள் வளர மூன்று வருடம் காத்திருந்தீர்கள். அந்த மூன்று வருடமும் உங்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முப்பத்தெட்டுதான் கண்ணில் தெரிந்தது.

இந்தச் சித்திரையில் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. தேனியில் டாக்டர் உடனே வந்து படுங்கள், குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். மகள் பாம்பு அப்போது வயிறு புடைத்துக் கிடந்தது. முட்டை வைக்கட்டும் என்றீர்கள். வைத்தது, நாலு. பொரியட்டும் என்றீர்கள். அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு. நீ சொன்னா கேப்பாருடா தம்பி. போயிச் சொல்லு."

முட்டைப் பெட்டி இருக்கும் மாடி அறைக்குப் படி ஏறும்போது முடிவோடுதான் ஏறினேன். இந்த நிறம் ரத்தத்தில் இல்லை மச்சான், என் ஸ்டோர் சூட்டில் வந்தது, இந்த நாலு முட்டையிலும் ஒன்றும் இருக்காது, கிளம்புங்கள் தேனிக்கு என்று சொல்ல வேண்டும். கேட்டதும் என்னை இரண்டு அறை அறைந்துவிட்டுக் கிளம்பியிருப்பீர்கள். உள்ளே வந்தேன். நீங்கள் ஒரு முட்டையின் மேல் டார்ச் அடித்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே சிவப்பாக நரம்பு ஓடியது.

"பாத்தியா மாப்ள, எம்புட்டு அழகா ஓடுது."

"ஆமா மச்சான்," என்றேன். இறங்கி வந்துவிட்டேன்.

அக்கா படிக்கட்டின் கீழேயே நின்றிருந்தாள். "சொல்லிட்டேன்க்கா. கேக்க மாட்டேங்குறாரு," என்று அவளிடம் சொன்னேன்.

முட்டை வைத்த பன்னிரண்டாம் நாள், தெரு முக்கில் ஜீப் சவாரி ஆட்களை இறக்கிவிட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டீர்கள். பின்னால் வந்த ஜீப்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்திருக்கிறார்.

அன்றிலிருந்து நாற்பத்தைந்து நாள். இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டேன். அளவு காட்டும் கருவி மூன்று வைத்தேன், ஒன்று பொய் சொன்னாலும் மற்றது சொல்லும் என்று. இடி இடித்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். இந்த முட்டைகளில் நிறம் இல்லையென்றால், நீங்கள் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டது என் பொய்க்காக. இருந்தால் நீங்கள் நம்பியது நிஜம், அப்போது நான் தப்பித்தேன். இப்படி நினைத்து நினைத்தேதான் ஒவ்வொரு நாளையும் ஓட்டினேன்.

இதோ, எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பார்த்துவிட்டேன் மச்சான். மூன்று முட்டை கிழிந்திருக்கின்றன. முதல் தலை கருப்பு. இரண்டாவதும் கருப்பு. மூன்றாவதில் கோடு சின்னதாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. உங்கள் சின்னக் கத்தரியை எடுத்து, நீங்கள் செய்வது போல நுனியால் கொஞ்சம் வெட்டி விலக்கினேன். நுனி குட்டிக்குக் குத்திவிடுமோ என்று இரண்டு தடவை நிறுத்தினேன். உள்ளே ஒரு வளைவு உடம்பு தெரிந்தது. அதில் திட்டே இல்லை. மங்கல் பச்சை.

ஜெயித்துவிட்டீர்கள். ஆனைக்கரை நிஜம். ரத்தத்திலேயே இருந்திருக்கிறது. என் ஸ்டோர் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டேன், வாய்விட்டு அழுதேன்.

அழுகை அடங்குவதற்குள் இன்னொன்று உறைத்தது. அன்றைக்கு இந்த மாடிப்படி ஏறி வந்தபோது எனக்கு இது தெரியாதே. இதில் ஒன்றும் இல்லை, எல்லாம் என் தப்பு என்று முழுசாக நம்பிக்கொண்டுதானே, நெஞ்சு வலிக்காரரை இந்தப் பெட்டி முன்னால் விட்டுவிட்டு இறங்கிப் போனேன். நீங்கள் நம்பியது சரி என்று இந்தக் குட்டி காட்டிவிட்டது. நான் செய்ததை அது மாற்றவில்லை. நாற்பத்தைந்து நாளாக எதற்குப் பயந்தேனோ அது இல்லை. இதற்குத்தான் பயந்திருக்க வேண்டும்.

அக்கா தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு வந்துவிட்டாள். கீழே வாளியை வைக்கும் சத்தம் கேட்கிறது. "தம்பி, பொரிஞ்சுருச்சா? என்ன நெறம்டா?" என்று கேட்டுக்கொண்டே படியேறுகிறாள்.

நிறத்தைச் சொல்லிவிட்டால் போதும். அவளும் அழுவாள், சிரிப்பாள், உங்கள் படத்துக்குப் பூப் போடுவாள். அதற்கப்புறம் யாரும் என்னை எதுவும் கேட்கப்போவதில்லை. மூடியைப் போட்டுவிட்டேன். முதலில் அவளை உட்காரச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் உங்களிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். நிறம் என்ன என்பது அதற்கு அப்புறம்.